சின்னக் குழாயில் எனக்குத் தெரிந்தது

இஞ்சாருங்கோ,

பதினெட்டு வருடம் உங்களை வேறு எந்தப் பெயராலும் நான் கூப்பிட்டதில்லை. தேயிலை காய்ச்சி எடுக்கிற ஸ்டோரில் எல்லோருக்கும் நீங்கள் டீமேக்கர் ஐயா. எனக்கு இந்த ஒரு சொல்தான். குசினியில் அடுப்படியிலிருந்து இதைச் சொன்னால் முன்னறையிலிருந்து "என்ன நாகம்" என்று குரல் வரும். இன்றைக்கும் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இது பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற கடிதமில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். எங்களால் ஒரு மனிதனின் பெயர் கெட்டிருக்கிறது. அது நாலு பேர் முன்னால்தான் கெட்டது. இதையும் நாலு பேர் அறியட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. புதிய டீமேக்கர் போன மாதம் வந்துவிட்டார். சாவகச்சேரிப் பக்கத்து இளந்தாரி, இன்னும் கலியாணமாகவில்லை. தோட்டத்துத் துரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலிபண்ணித் தரச் சொல்லியிருக்கிறார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பருத்தித்துறையிலிருந்து அண்ணர் மூன்று கடிதம் போட்டுவிட்டார், உடனே புறப்பட்டு வா என்று. மூன்றிலும் ஒரு வரி மாறாமல் வருகிறது: சனீஸ்வரனைக் குழாய் வைத்துத் தேடினால் அவர் வராமல் என்ன செய்வார்?

அண்ணருக்கு என்ன பதில் எழுத? சனி எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்தது நான்.

பழைய துரை சீமைக்குத் திரும்பும்போது அந்தத் தொலைநோக்கியை உங்களுக்குத் தந்துவிட்டுப் போனார், நினைவிருக்கிறதா? என் தோள் உயரத்துக்கு ஒரு பித்தளைக் குழாய், அதற்கு மூன்று மரக்கால்கள். குசினிக்குப் பின்னால், தேயிலைச் சரிவு தொடங்குகிற இடத்தில் அதை நிறுத்தினீர்கள். அதன் முதுகில் நாலு திருகாணித் துளைகள் வெறுமையாக இருந்தன. அங்கே பூட்டியிருந்த சின்னக் குழாயைப் பழைய துரை எங்கேயோ தொலைத்துவிட்டாராம். "அது இல்லாட்டில் என்ன, பெரிய குழாய் இருக்குத்தானே" என்றீர்கள்.

பதினொரு பின்னேரம் தேடினோம். சந்திரனைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மேற்கே கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்த வெள்ளியைக்கூடக் குழாய்க்குள் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய குழாய்க்குள் தெரிகிற வானம் ஒரு சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை. ஒரு மயிரிழை தள்ளினால் நட்சத்திரம் எங்கேயோ ஓடிவிடும். நீங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாரும் சனி தங்களைத் தேடி வரக்கூடாது எண்டு எள்ளெண்ணெய் எரிக்கினம். நீங்கள் அவரைத் தேடித் திரியிறியள்."

"அவருக்கு ஒரு வளையம் இருக்குதாம் நாகம். அதைப் பாக்காமல் விடமாட்டன்."

பிறகுதான் கொழும்புக் கடைக்கு எழுதிப் படப் புத்தகம் வரவழைத்தீர்கள். அதில் பைண்டர் என்ற பெயரில் மூன்று சின்னக் குழாய்கள் இருந்தன. ஓர் அங்குல வாய், ஒன்றரை அங்குல வாய், இரண்டு அங்குல வாய். தேயிலைப் பெட்டி மூடியொன்றில் வெண்கட்டியால் கீறி எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். சின்னக் குழாய் எதையும் பெரிதாகக் காட்டக்கூடாது, அகலமாகக் காட்டவேண்டும். அந்த அகலத்துக்குள் வேண்டிய நட்சத்திரத்தைப் பிடித்து, நடுவிலிருக்கிற கூட்டல் குறிக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினால், பெரிய குழாய்க்குள் அது தானாக வந்து நிற்கும். வாய் அகன்றால் வெளிச்சம் கூடும், ஆனால் பாரமும் கூடும். "பாரம் கூடினால் பெரிய குழாய் தலை சாஞ்சு போம். எங்களுக்குச் சின்னது காணும்" என்று ஓர் அங்குலத்தைத் தெரிந்தெடுத்தீர்கள்.

கஹவத்தை ஸ்டேசனுக்கு அது பார்சலில் வந்தது. ஸ்டோர்க் கொல்லர் இரண்டு வளையம் அடித்துப் பூட்டித் தந்தார். மறுநாள் காலை வெயிலில் இரண்டு குழாயையும் ஒன்றாக இணக்கினீர்கள். ஸ்டோர்ப் புகைக்கூட்டின் உச்சியில் நிற்கிற இடிதாங்கிக் கம்பியை முதலில் பெரிய குழாயின் நடுவில் பிடித்தீர்கள். பெரிய குழாய் அசையாமல் நான் பிடித்துக்கொண்டு நிற்க, சின்னக் குழாயைச் சுற்றியிருந்த மூன்று திருகாணிகளையும் ஒன்றை இளக்கி ஒன்றை இறுக்கி, கூட்டல் குறியும் அதே கம்பி நுனியில் வந்து உட்காரும்வரை திருகினீர்கள்.

அப்போது விறகு கொண்டுவந்த காளியம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அம்மா, ஸ்டோரு தலகீழா தொங்குதுங்களே! எங்க வூட்டுக்காரு மேல் மாடியிலதான் நிக்கிறாரு, விழுந்துற மாட்டாருங்களா?"

அவளுடைய புருஷன் முத்துசாமிக்கு ஸ்டோர் மேல் மாடியில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடத்தில் வேலை. வாடிய கொழுந்தைக் கீழே உருட்டு யந்திரத்துக்கு இறக்குகிற பலகைக் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவன்தான். குழாய்க்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று நீங்கள் சொல்ல, அவள் பாதி நம்பிச் சிரித்தாள். நல்ல வெயில் அன்றைக்கு. உங்களுக்கும் எல்லாம் தெரிந்தது.

அன்று பொழுதுபட்டதும் குழாயைச் சனிக்குத் திருப்பினீர்கள். வானம் இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. சின்னக் குழாயில் கண்ணை வைத்தீர்கள், எடுத்தீர்கள், துணியால் துடைத்தீர்கள், மறுபடி வைத்தீர்கள்.

"இஞ்சரும், ஒருக்கா வந்து பாரும். கூட்டல் குறி அறுந்து போச்சுப் போலை. காலமை இருந்தது. இப்ப எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

நான் வந்து பார்த்தேன். கூட்டல் குறி இருந்தது. சிலந்தி நூலில் போட்டிருந்த கோடுகள், மெல்லியவைதான், ஆனால் சாம்பல் வானத்தில் வடிவாகத் தெரிந்தன. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரமும் நின்றது.

நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்திய வாரம் பொழுதுபட்ட நேரத்தில் வாசற்படியில் தடுக்கி விழுந்தீர்கள். கோப்பையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து உடைத்தீர்கள். இரண்டுக்கும் விளக்கைத்தான் திட்டினீர்கள். இதெல்லாம் எனக்கு அந்த ஒரு நொடியில் ஒன்றாக வந்தது.

"ஓம், எனக்கும் தெரியேல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உங்களை ஒருநாளும் பிழை என்று சொல்லிப் பழகாத வாய் அது. அதுவும் ஒரு காரணம். உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதுவும் காரணம். ஆனால் உண்மையான காரணம் பயம். நான் தெரிகிறது என்று சொன்னால், அந்த நொடியிலிருந்து உங்கள் கண் பழுது என்பது உண்மையாகிவிடும். சொல்லாவிட்டால் குழாய் பழுது. குழாயைத் திருத்தலாம்.

மறுநாள் நீங்கள் ஸ்டோருக்குப் போனதும் நான் சின்னக் குழாயின் கண் வைக்கிற பக்கத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு பித்தளை வளையம், அதன் குறுக்கே சிலந்தி நூல் இரண்டு. விரல் பட்டதும் அறுந்து போயின. என் தலைமயிரில் இரண்டு பிடுங்கி, மெழுகுதிரியில் ஒரு சொட்டு உருக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். நாலு தரம் பிழைத்து ஐந்தாம் தரம் நேராக வந்தது.

"கோடு உண்மையா அறுந்துதான் கிடந்தது. நான் என்ரை மயிரை வைச்சிருக்கிறன்" என்று உங்களிடம் சொன்னேன்.

பொழுதுபட்டதும் பார்த்தீர்கள். "இப்பத் தெரியுது நாகம்! நல்ல வடிவாத் தெரியுது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். பதினெட்டு வருடத்தில் முற்றத்தில் வைத்து என் கையைப் பிடித்தது அன்றைக்கு மட்டும்தான். சனியை நீங்களே தேடினீர்கள், நீங்களே கோட்டுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். பெரிய குழாயில் கண்ணை வைத்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு சின்ன உருண்டை, அதைத் தொடாமல் ஒரு வளையம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சந்தோஷத்துக்காக நான் சொன்ன பொய் சரிதான் என்று அன்றிரவு நினைத்தேன். பிறகும் பல மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த தை மாதம் மயிரும் தெரியாமல் போனது. "சின்னதை வாங்கினது என்ரை மடைத்தனம். வெளிச்சம் காணாது. இரண்டு அங்குலம் எடுப்பம்" என்றீர்கள். பாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையெல்லாம் நீங்களே மறுத்தீர்கள். நான் ஆமாம் போட்டேன். வந்தது, உங்கள் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய். அதைப் பூட்டியதும் பெரிய குழாய் முன்பக்கம் சாய்ந்தது. பின்பக்கத்தில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

அதற்குள் வானம் எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா? கார்த்திகை நட்சத்திரம் முழுவதும் ஒரே பார்வைக்குள் வந்தது. வெறுங்கண்ணுக்கு ஆறு. அதற்குள் முப்பதுக்குமேல் எண்ணினேன். உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

"புகை மாதிரிக் கிடக்குது. பழுதான கண்ணாடியை அனுப்பிப்போட்டாங்கள். உமக்கு எப்பிடி இருக்குது?"

"எனக்கும் புகைதான்."

கடைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினீர்கள். எழுத்து வரிக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் கிடந்தது. அவர்களிடமிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. எழுத்து மிகச் சின்னது என்று சொல்லி என்னை வாசிக்கச் சொன்னீர்கள். கண்ணாடியை இரண்டு பேர் பரீட்சித்துத்தான் அனுப்பினோம், அதில் ஒரு குறையுமில்லை, பார்க்கிறவரின் கண்ணை ஒரு வைத்தியரிடம் காட்டுவது நல்லது என்று எழுதியிருந்தார்கள். நான் வாசித்தது வேறு. தவறுக்கு வருந்துகிறோம், அடுத்த கப்பலில் நல்ல கண்ணாடி வந்ததும் அறிவிப்போம் என்று வாசித்தேன். எங்கேயோ ஒரு கடைக்காரர் உங்கள் கண்ணுக்காகக் கவலைப்பட்டு எழுதிய ஒரு வரியை நான் விழுங்கினேன்.

அதன் பிறகு அந்தப் பெரிய பைண்டருக்குள் கறுத்தத் தையல் நூலைக் கட்டினேன். அது உங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நூல் எந்த நட்சத்திரத்துக்கு மேல் வந்தாலும் அதை மூடிவிடும். "கோட்டிலை நிக்குது" என்பீர்கள். நான் பார்த்தால் அங்கே கோடு மட்டும்தான் இருக்கும். பெரிய குழாய்க்குள் வெறும் இருட்டு. நீங்கள் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு, "வளையம் இண்டைக்கு மங்கலா இருக்குது" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று "ஓம்" என்பேன்.

ஸ்டோர் வேலையை எப்படிச் செய்தீர்கள்? கொழுந்து புளித்த பதத்தைக் கண்ணால் பார்க்காமல் மணத்தாலேயே பிடித்தீர்கள். தேயிலை ஒருநாளும் பிழைக்கவில்லை. படிகளை எண்ணி ஏறினீர்கள். அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. யந்திரமும் பட்டியும் ஓடுகிற இடம் அது. ஒவ்வொரு காலையும் உங்கள் கோட்டுப் பித்தானைப் பூட்டிவிட்டு அங்கே உங்களை அனுப்பினது இந்தக் கைதான்.

வைகாசி மழை. அன்றைக்கு நாலு மணிக்கே இருண்டுவிட்டது. மேல் மாடியில் சாரல் அடிக்கிறது என்று யன்னலெல்லாம் சாத்தியிருந்தார்கள். கொழுந்து இறக்குகிற நேரம், பலகைக் கதவு திறந்திருந்தது. கதவு திறந்தால் அதன் விளிம்பில் லாம்பு கொளுத்தி வைக்கவேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். வாட்டம் பார்க்க மேலே ஏறினீர்கள். அந்த வாய்க்குள் கால் வைத்து இரண்டு மாடி கீழே, உருட்டு யந்திரத்துக்குப் பக்கத்தில் விழுந்தீர்கள்.

உங்களைப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு மருந்து தருகிற டிஸ்பென்சர் வந்தார், அவர் ஆளனுப்பி இரத்தினபுரியிலிருந்து டாக்டரும் வந்தார். முதுகெலும்பு, அசைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். நாலு நாள் கிடந்தீர்கள். ஒரு கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தீர்கள்.

இரண்டாம் நாள் துரையும் பெரிய கிளாக்கரும் வந்து கேட்டார்கள். "லாம்பு இருக்கேல்லை. இருந்திருந்தால் நான் காணாமல் விடுவனோ?" என்றீர்கள். பெரிய கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார், துரை எழுதிக்கொண்டார். கீழே யந்திரத்தில் நின்ற இரண்டு பேர் மேலே வெளிச்சம் தெரிந்தது என்றார்களாம். டீமேக்கரின் வாக்குக்கு முன்னால் அவர்களுடைய வாக்கு எடுபடவில்லை.

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"நாகம். அந்த முதல் குழாயிலை, முதல் நாள், கூட்டல் குறி உமக்கும் தெரியேல்லைத்தானே?"

சொல்லியிருக்கலாம். அதுதான் நேரம். நீங்கள் ஒருநாளும் பொய் சொன்னவரில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பலகையில் கிடந்தபடியே துரையைத் திரும்பக் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கும் தெரியேல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடினீர்கள். நிம்மதியாகத்தான் மூடினீர்கள். எனக்குச் சந்தேகம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துகொண்டு, நான் சொல்கிறேனா என்று பார்த்தீர்களா? இதைக் கேட்க இனி யார் இருக்கிறார்கள்?

நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காளியம்மா வந்தாள். குசினி வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. முத்துசாமிக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றுகிற அந்தச் சீட்டில் கவனக்குறைவு என்று காரணமும் எழுதியிருந்தார்கள். அதைக் கண்ட எந்தத் தோட்டம் அவனைச் சேர்க்கும்?

"அம்மா, எங்க வூட்டுக்காரு லாம்பு வச்சாருங்க. ஐயா போட்ட சட்டமுங்க, மறப்பாரா? சாமி மேல சத்தியமுங்க. நீங்க ஒரு வார்த்த தொரைகிட்ட சொன்னீங்கன்னா..."

"நான் என்ன சொல்லுறது காளியம்மா. நான் அங்கை நிக்கேல்லையே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமில்லை. "ஐயா நல்லவருங்க. பொய் சொல்லமாட்டாரு. எங்காளும் பொய் சொல்லாதுங்க. அப்ப எப்படிங்கம்மா?" என்று கேட்டாள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. நான் பானையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவர்கள் குடியிருந்த லயத்தை விட்டுப் போனார்கள். மழையில், தலையில் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற பாதையால்தான் நடந்தார்கள். யன்னலைச் சாத்தினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாமான் கட்டத் தொடங்கினேன். பெரிய குழாயிலிருந்து பைண்டரைக் கழற்றி, துடைக்கிறதற்காக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். கறுத்த நூல், கயிறு மாதிரி. இப்படி ஒன்று வேண்டியிருந்த ஒரு மனிதன் அந்த மாடியில் ஒரு லாம்பைக் கண்டிருக்க முடியுமா? இதைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். அதை உறையிலே போட்டு எடுத்துக்கொண்டு, குடையும் பிடிக்காமல் துரை வேலை பார்க்கிற கந்தோருக்கு நடந்தேன். உங்கள் பெண்சாதி தனியே கந்தோர்ப் படி ஏறியது அதுதான் முதல் தரம்.

துரை யன்னலோரம் வைத்துப் பார்த்தார். "என்னா கயிறு இது?" என்றார், லயத்துத் தமிழில். பெரிய கிளாக்கரை வெளியே போகச் சொல்லவேண்டாம் என்றேன். அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சிலந்தி நூல், என் மயிர், தையல் நூல், கடைக்காரரின் கடிதம். கடைக்காரரின் கடிதத்தையும் மேசையில் வைத்தேன்.

துரை அதை இரண்டுதரம் வாசித்தார். "நீ அப்பவே ஏன் சொல்லல்லே?" என்றார்.

உங்களுக்குச் சொல்லாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்? பெரிய கிளாக்கர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் நல்ல பெயரை நான் அந்த மேசையில் போட்டு உடைத்ததாக அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

துரை ஒரு கடிதம் எழுதித் தந்தார். முத்துசாமி மேல் குற்றமில்லை, அவனை எந்த நாளும் இந்தத் தோட்டம் திரும்ப எடுக்கும் என்று, முத்திரை குத்திய கடிதம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். அவர்கள் இருந்த காம்பரா அறையில் வேறு ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. யட்டியாந்தோட்டைப் பக்கம் காளியம்மாவுக்கு ஒரு சித்தப்பன் இருக்கிறான் என்றாள் ஒருத்தி. அதுவும் நிச்சயமில்லை.

டிஸ்பென்சரின் பெண்சாதியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைக்குப் போனேன். கடைவீதியில் கேட்ட இடமெல்லாம் "தன்னெ நே, நோனா", தெரியாது அம்மா, என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார்கள். மூன்று ரப்பர்த் தோட்டத்தில் ஏறி இறங்கினோம். மூன்றாவதில் ஒரு கங்காணி, ஞாபகம் இருக்கிறது என்றார். "வந்தாங்கம்மா. ரெண்டு நாளு எங்க லயத்துல தங்குனாங்க. சீட்டப் பாத்துட்டு கிளாக்கரு முடியாதுன்னுட்டாரு. எஹலியகொட பக்கம் போறோம்னாங்க. இல்லாட்டி ஊருக்கே கப்பலேறிருவோம்னு அந்தப் பொம்பள அழுதுச்சு."

எஹலியகொடவுக்கும் போனேன். அங்கே அப்படி ஒருவரும் வரவில்லை. கப்பலேறியிருந்தால் எந்த ஊர்? காளியம்மா எனக்கு ஏழு வருடம் விறகு கொண்டுவந்தவள். அவளுடைய ஊர்ப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது யாரிடம் கேட்பேன்?

தொலைநோக்கியை டிஸ்பென்சர் வீட்டில் விட்டிருக்கிறேன். மனுஷன் ஒன்றையும் பிடிக்கத் தெரியாமல் திண்டாடுகிறார். பகலில் புகைக்கூட்டை வைத்து இரண்டு குழாயையும் இணக்கச் சொல்லிக் கொடுத்தேன். கறுத்த நூலைக் கழற்றிவிட்டு மெல்லிய பட்டிழை கட்டிக் கொடுத்தேன். "கோடு தெரியாட்டில் குழாயைக் குறை சொல்லாதையுங்கோ, கண்ணைக் காட்டுங்கோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது தோட்டத்தில் எல்லோருக்கும் கதை தெரியும். சிலர் என்னோடு பேசுவதில்லை. பெரிய கிளாக்கர் வீட்டில் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

அண்ணருக்கு இப்போதைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். கஹவத்தைக் கடைவீதியில், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டின் பின்னறை ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கேயிருந்து எந்தப் பக்கமும் பஸ் போகும். இந்த மாவட்டத்தில் எத்தனை தோட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்கள். நான் ஒருத்தி, ஒரு குடை, ஒரு கடிதம். சில நாள் பஸ்ஸில் இருக்கும்போது, எந்தத் தோட்டத்துக்குப் போகிறேன் என்பதே மறந்துபோய் அழுகிறேன். போன இடத்தில் உங்களுக்குக் கண் தெரிந்தால், அவர்கள் எந்த மலையில் நிற்கிறார்கள் என்று கனவிலாவது வந்து சொல்லமாட்டீர்களா?

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். துரையின் கடிதத்தை முத்துசாமியின் கையில் கொடுக்காமல் நான் வடக்கே ரயிலேற மாட்டேன். அவன் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை தேடுவேன். அதற்குள் எனக்கு முடிந்துவிட்டால், இந்தத் தாளைப் படிக்கிறவர்களில் யாராவது அவனைக் காணட்டும். லாம்பு எரிந்தது என்று அவனிடம் சொல்லட்டும். நீங்கள் அவன்மேல் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லட்டும். நீங்கள் கண்டதைத்தான் சொன்னீர்கள். கண்டதைச் சொல்லாதவள் நான்.

முதல் நாள், முதல் குழாயில், கூட்டல் குறி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பதினெட்டு வருடம் உங்களோடு வாழ்ந்த,
இன்னும் உங்கள் பெண்சாதியாகவே இருக்கிற,
நாகம்மா